சிரிப்புக்கு ஒதுக்கிய பன்னிரண்டு நொடி

ஹாவ்லிக் உயர்நிலைப் பள்ளியில் நாடக ஒத்திகை என்றால் முதலில் காதில் விழுவது வசனம் அல்ல, பந்துச் சத்தம். 1926இல் அந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான்கள், கூடைப்பந்துக்கு ஓர் இடம், நாடகத்துக்கு ஓர் இடம் என்று தனித்தனியாக எதற்கு என்று நினைத்து, விளையாட்டுக் கூடத்தின் ஒரு கோடியிலேயே மேடையைக் கட்டிவிட்டுப் போனார்கள். மேடையில் ஒருத்தி காதலனைப் பிரிந்து கண்ணீர் விடுவாள். கீழே பத்துப் பையன்கள் தொம் தொம் என்று பந்தைத் தட்டுவார்கள். அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து தரையில் விழுவதற்கும் எழும்புவதற்கும் நடுவே வசனம் பேசும் வித்தை வந்துவிட்டது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில் எந்தப் போட்டிக்குப் போனாலும் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்கிற குரல் ஹாவ்லிக் பிள்ளைகளுடையதுதான். பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டால் பந்தைத்தான் காட்ட வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு நாடகம் என்பது ஆரம்பம் முதலே வழக்கம். யார் நடத்துவது என்பதற்கு மட்டும் வழக்கம் ஒன்றும் கிடையாது. முடியாது என்று சொல்லத் தெரியாத ஆசிரியர் யாரோ அவர் தலையில் கட்டுவார்கள். 1969இல் அந்தத் தலை லவோன் டுசெக்கினுடையது.

லவோன் தட்டச்சு ஆசிரியை. முப்பத்தொரு வயது. கணவர் எமில் சோளமும் பன்றியும் வளர்ப்பவர். தன் வாழ்நாளில் அவள் பார்த்த நாடகங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அதிலும் இரண்டில் தூங்கிவிட்டாள். பிரசவத்துக்குப் போன ஆங்கில ஆசிரியைக்குப் பதில் ஆள் தேடிக்கொண்டு வந்தார் தலைமையாசிரியர் டெல்மர் ஓபர்க். அதற்கு முன்பு கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம்.

"லவோன், இந்த வருஷ நாடகம் உங்களுக்குத்தான்."

"எனக்கா? நாடகத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும் டெல்மர்?"

"பசங்க வசனத்த டைப் அடிக்கணும்ல. பாதி வேலை உங்களுக்குத் தெரியுமே."

மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள லவோன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனாள். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை எடுத்தாள். வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அளக்கிற அதே கடிகாரம். நாடகத்தையும் அப்படியே அளந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் தானே தட்டச்சு செய்து, ஓரத்தில் நேரம் குறித்தாள். அழுகை ஆறு நொடி. கதவைத் திறந்து உள்ளே வர நான்கு நொடி. முத்தம் ஒரு நொடி, அதற்கு மேல் போனால் ஊர்ப் பாதிரியார் வந்துவிடுவார். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! ஹாவ்லிக்கின் நாடகம் ஏழரைக்கு என்றால் ஏழரைக்குத் தொடங்கியது, விடிகாலையில் பால் கறக்க வேண்டியவர்கள் ஒன்பதே காலுக்கெல்லாம் வீட்டில் இருந்தார்கள். நாற்பது வருடத்தில் அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம் அது.

இரண்டாம் ஆண்டே அவள் பிள்ளைகளை ஓரங்க நாடகப் போட்டிக்கு அழைத்துப் போனாள். போட்டியின் சட்டம் சின்னது, ஆனால் ஈவிரக்கம் இல்லாதது. நாடகம் முப்பது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒரு நொடி கூடினாலும் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் வெளியே. மாவட்டத்தில் முதலாவதாக வந்தால்தான் மாநிலப் போட்டி. இப்படி ஒரு சட்டம் லவோனுக்கென்றே எழுதியது போலத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் இரண்டாவது, மூன்றாவது என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அவளுடைய நாடகம் ஒருபோதும் நேரம் தாண்டியதில்லை. நடுவர்கள் எழுதிக் கொடுக்கிற தாளில் மட்டும் எப்போதும் ஒரே வரி இருக்கும்: சுத்தமாக இருக்கிறது, உயிர்தான் குறைவு.

1983 ஆகஸ்டில் டெல்மர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மல்யுத்தக் கோச்சு மேடைய கேக்குறாரு. மெத்தை விரிக்க இடம் இல்லையாம்."

"அப்ப நாடகம்?"

"பதிமூணு வருஷமாப் போட்டிக்குப் போறீங்க லவோன். ஒரு தடவையாவது மாநிலப் போட்டிக்குப் போனோமா? மல்யுத்தத்துல மூணு பேரு போயிட்டாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "இந்த வருஷம் போனா நாடகம் இருக்கட்டும். போகலன்னா மேடை அவங்களுக்கு. நான் வேற என்ன பண்றது, சொல்லுங்க."

டெல்மரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருந்தவர்தான். ஆனால் பதினான்கு வருடத்தில் ஒரு நாடகத்தைக்கூட அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. சாவிக்கொத்தோடு வாசலில் நின்று, கூட்டம் கலைந்ததும் பூட்டிக்கொண்டு போவார். அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பற்களைக் காட்டினால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

லவோன் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். எமில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

அவள் சொன்னாள்.

"விட்டுட்டுப் போயேன். நீயா கேட்டு வாங்கின வேலை? உன் தலையில கட்டினதுதானே."

"ஆமா, கட்டினதுதான்." கோட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். "ஆனா இப்ப பிடுங்கினா வலிக்குது எமில்."

எமில் அதற்குப் பிறகு விடச் சொல்லவில்லை. மேடைக்கு என்ன செட் கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடம் அவள் எடுத்தது ஒரு சிரிப்பு நாடகம். ஒரு விதவை தன் வீட்டிலிருக்கும் பியானோவை விற்றுவிடுகிறாள். தூக்கிப் போக வந்த இரண்டு ஆட்களும் அதை வாசற்கதவில் சிக்க வைத்துவிடுகிறார்கள். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஒருவன் வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறான், இன்னொருவன் வெளியே. அவ்வளவுதான் கதை. எமில் யாரோ எறிந்துவிட்ட பழைய பியானோ ஒன்றைக் கொண்டுவந்து, குடலையெல்லாம் உருவி, வெறும் கூட்டை மட்டும் சக்கரத்தில் நிறுத்திக் கொடுத்தார். உள்ளே மாட்டிக்கொள்கிறவன் கர்ட், கால்பந்து அணியில் முன்வரிசையில் நிற்கிற பையன். விதவையாக நடித்தவள் டானெட். தட்டச்சில் நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொல்லைத் தாண்டாதவள். லவோனுக்கு அவளைப் பார்த்தாலே பெருமூச்சு வரும். ஆனால் மேடையில் அவள் வாய் திறந்தால் பந்து தட்டுகிற பையன்கள்கூடப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

பத்து வாரம் ஒத்திகை. பிசிறில்லாமல் இருபத்தொன்பது நிமிடத்துக்குள் வந்து நின்றது. சிரிப்புக்கென்று அரை நிமிடம் ஒதுக்கினாள், அதுவே அதிகம் என்று நினைத்தாள். பதிமூன்று வருடத்தில் அவள் நாடகத்துக்கு அவ்வளவு நேரம் யார் சிரித்தார்கள்? இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் அல்லவா, இன்னொரு ஏற்பாடும் செய்தாள். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் டானெட் பியானோ மேல் உட்கார்ந்து ஒரு நிமிடம் தனியாகப் பேசுவாள். நேரம் நெருக்கினால் லவோன் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைக் காட்டுவாள். அதைப் பார்த்ததும் டானெட் அந்தப் பேச்சை விட்டுவிட்டு முடிவுக்குப் போய்விட வேண்டும். இருபது தடவை பழக்கியிருந்தாள்.

டிசம்பர் மாதம், சனிக்கிழமை காலை, நாற்பது மைல் தள்ளி மாவட்டப் போட்டி. பேருந்து ஓட்டுகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் டெல்மரே ஓட்டினார். வெளியே நின்றால் மூக்கு உறைந்து விழுந்துவிடும் போன்ற குளிர். வேறு வழியில்லாமல் அவரும் உள்ளே வந்து, நடு வரிசையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

நாடகம் தொடங்கியது. பியானோ கதவில் சிக்கியது. கூடம் சிரித்தது, லவோன் கடிகாரத்தைப் பார்த்தாள், கணக்குக்குள்தான் இருந்தது. கர்ட் பியானோவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, வேர்க்க விறுவிறுக்கக் கேட்டான்:

"ஏம்மா, இத முதல்ல எப்படித்தான் உள்ள கொண்டு வந்தீங்க?"

டானெட் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "உள்ள எங்க கொண்டு வந்தோம்? பியானோ வந்த பிறகுதானே வீட்டையே கட்டினோம்."

கூடம் வெடித்தது. ஐந்து நொடி, ஆறு, ஏழு. அடங்கியது. கர்ட் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தான். அப்போதுதான் நடு வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய டிராக்டர் குளிரில் கிளம்புகிற மாதிரி, முதலில் ஓர் இருமல், பிறகு இன்னொன்று, பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. டெல்மர் ஓபர்க் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சிரித்ததற்கும் காரணம் இருந்தது, ஊருக்கே தெரிந்த காரணம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் தன் மாமியாருக்கு வாங்கிய பெரிய ஃப்ரீசர் உறைபெட்டியை நிலவறைக்கு இறக்கப் போய், படிக்கட்டில் சிக்க வைத்து, இரண்டு மணி நேரம் அதற்குக் கீழே கிடந்தார். மாமியார் மேலிருந்து அவருக்குக் காப்பியை இறக்கிக் கொடுத்தாராம். அந்தக் கதையை அவர் முன்னால் சொல்ல இதுவரை ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொடையில் அடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார் மனிதர். கர்ட் திறந்த வாயை மூடாமல் நின்றான்.

லவோன் கடிகாரத்தைப் பார்த்தாள், சிரிப்புக்கு ஒதுக்கிய அரை நிமிடம் போயே போய்விட்டது. கட்டைவிரலை டார்ச் பொத்தானில் வைத்துக்கொண்டாள். டானெட் பியானோ மேல் ஏறி உட்கார்கிற கட்டம் வந்தது. இப்போது காட்ட வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள்.

பதினான்கு வருடமாக அவள் நாடகம் நடத்தினாள், நாடகம் பார்த்ததில்லை. கண் எப்போதும் முள்ளின் மேல்தான். அன்றைக்குத்தான் நிமிர்ந்தாள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அறுபது வயதுக்காரியாக உட்கார்ந்து, இந்தப் பியானோவை வாங்கினவர் ஒரு பாட்டுக்கூட வாசிக்கத் தெரியாதவர், சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அதன் மூடியைத் துடைத்து வைப்பார், அவ்வளவுதான், என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் இல்லாத துணியால் மூடியைத் துடைத்தாள். சிரித்துச் சிரித்துக் களைத்த கூடம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. லவோனுக்குக் கண் நிறைந்தது. கையில் டார்ச் இருப்பதே மறந்து போயிற்று.

திரை விழுந்தது. ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் கையிலிருந்த கடிகாரம் முப்பது நிமிடம் ஒன்பது நொடி என்றது.

இரண்டு மணிக்கு முடிவைச் சொன்னார்கள். மூன்று நடுவர்களும் ஹாவ்லிக்குக்கே முதலிடம் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு, நேரம் தாண்டியதால் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது என்றும் சொன்னார்கள்.

திரும்பும்போது பேருந்தில் விசும்பல் தவிர வேறு சத்தம் இல்லை. இனி மேடையில் மெத்தை விரிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். டானெட் ஜன்னலோரம் முகத்தைப் புதைத்திருந்தாள். "எல்லாம் என் பேச்சால வந்தது" என்று அவள் முணுமுணுத்தது லவோன் காதில் விழுந்தது. உடனே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. சிவப்பு விளக்கக் காட்ட வேண்டியது நான். காட்டல. மறந்துட்டேன். ஒன்பது செகண்டும் என் தப்பு. டானெட், நீ ஒரு வார்த்தைகூட அதிகமாப் பேசல. புரியுதா?"

மற்ற ஆசிரியர்கள் எப்படியோ, பிள்ளைகள் முன்னால் இப்படி நின்று பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள ஒரு நெஞ்சு வேண்டும். மறந்தேன் என்று லவோன் டுசெக் சொல்லுவாள் என்று அந்தப் பிள்ளைகள் கனவிலும் நினைத்ததில்லை.

பின் இருக்கையிலிருந்து கர்ட்டின் குரல் வந்தது. "டீச்சர் தப்பு ஒண்ணும் இல்ல. சிரிச்சவங்க சிரிச்சதாலதான்..."

"டேய், வாய மூடுடா!" என்று நாலு பேர் அவனை அமுக்கினார்கள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பேருந்து வேகம் குறைந்து, ஒரு சோளக்காட்டு ஓரத்தில் நின்றது. டெல்மர் திரும்பினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"லவோன். எத்தன செகண்டு?"

"எது டெல்மர்?"

"நான் சிரிச்சது. நீங்க பாக்காம இருந்திருக்க மாட்டீங்க."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவளுக்கு அது வராது. "மத்தவங்க எல்லாம் சிரிச்சு முடிச்ச பிறகு, நீங்க மட்டும் தனியாச் சிரிச்சது பன்னிரண்டு செகண்டு."

டெல்மர் மனதுக்குள் ஒன்பதைக் கழிப்பது அவர் உதட்டிலேயே தெரிந்தது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் மூன்று நொடி மீதி இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே காற்று பனியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது.

"அந்த வாசல், அந்தப் பையன் மூஞ்சி... எனக்கு அந்த உறைபெட்டி ஞாபகம் வந்துருச்சு." மடியிலிருந்த தொப்பியைத் திருப்பினார். "நாடகம்னா இப்படி இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலியே."

"பதினாலு வருஷமா அழைப்பிதழ் அனுப்பினேனே" என்றாள் லவோன்.

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. டெல்மர் அதைக் கேட்காதவர் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் ஒத்திகைக்கு என்னக் கூப்பிடுங்க. நான் எங்க சிரிக்கிறேன், எவ்வளவு நேரம் சிரிக்கிறேன்னு அளந்துக்குங்க. அதுக்கு இடம் விட்டு வசனத்த வெட்டிக்குங்க." திரும்பி வண்டியைக் கிளப்பினார். "மல்யுத்தக்காரங்களுக்கு நான் வேற இடம் பாத்துக்கறேன்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முந்தின வாரம், டெல்மர் காலியான விளையாட்டுக் கூடத்தின் நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் காப்பியோடு வந்து உட்காருவார். அந்த ஒரு நாள் மட்டும் பந்துக்கு விடுமுறை. பிள்ளைகள் அவரைச் சிரிக்க வைப்பார்கள், லவோன் அளப்பாள். அவள் தட்டச்சு செய்யும் நேரத்தாளில் ஒரு புதுக் கட்டம் முளைத்தது: ஓபர்க், பன்னிரண்டு நொடி. 1987இல் அவர்கள் முதல்முறையாக மாநிலப் போட்டிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளியில் இருந்தவரையில் ஐந்து தடவை. நடுவர்களின் தாளில் உயிர் குறைவு என்ற வரி அப்புறம் வரவே இல்லை. வேறொன்றும் இல்லை, இப்போது ஒத்திகையில் அவள் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

டெல்மர் ஓய்வு பெற்ற பிறகும் வந்து உட்கார்ந்தார். ஊன்றுகோலோடும் வந்தார். 1998 செப்டம்பரில் காலமானார். அந்த வருடம் பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள், அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று. "இருக்கட்டும்" என்றாள் லவோன். அதோடு பேச்சு முடிந்தது.

2001இல் அவளும் ஓய்வு பெற்றாள். முதல் இரண்டு வருடம் போட்டிப் பக்கமே போகவில்லை. எமிலின் இதய அறுவை சிகிச்சையைக் காரணம் சொன்னாள். உண்மையில் தன் இடத்தில் வேறொருவர் மேடையோரம் நிற்பதைப் பார்க்கத் தாங்காது.

புதிதாக வந்த நாடக ஆசிரியர் பிரெண்டன் டீட்ஸ் கெட்டிக்காரர், பட்டப் படிப்பே நாடகம். மூன்றாவது வருடம் அவர் பொருளறையில் அந்தக் குடலில்லாத பியானோவைக் கண்டார், அதே நாடகத்தை எடுத்தார். பழைய நேரத்தாளைப் புரட்டியவர், "யாரு இந்த ஓபர்க்? பன்னிரண்டு செகண்டு எதுக்கு வீணாக் கிடக்கு? ரெண்டு வரி சேத்துக்கலாமே" என்றார்.

விதவையாக நடித்தவள் ஹெய்டி, கர்ட்டின் மகள். "சார், நீங்க எதுல வேணா கை வைங்க. அதுல மட்டும் வைக்காதீங்க" என்றாள். மற்ற பிள்ளைகளும் அவள் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். பிரெண்டன் தோளைக் குலுக்கிவிட்டு விட்டுக் கொடுத்தார்.

ஹெய்டி நேரில் போய்க் கூப்பிட்டதால் அந்த வருடம் லவோன் மாவட்டப் போட்டிக்கு வந்தாள். கழுத்தில் கடிகாரம் இல்லாமல், அறுபத்தைந்து வயதில், ஹாவ்லிக் நாடகத்துக்குப் பார்வையாளர் நாற்காலியில் முதன்முறையாக. பக்கத்தில் எமில். பியானோ கதவில் சிக்கியது. எப்படி உள்ளே கொண்டு வந்தீர்கள் என்று பையன் கேட்டான். ஹெய்டி தேநீரை ஆற்றிக்கொண்டே, பியானோ வந்த பிறகுதான் வீட்டையே கட்டினோம் என்றாள்.

அந்த வரியை லவோன் தன் கையாலேயே தட்டச்சு செய்தவள். இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள். ஒரு தடவைகூட அதற்குச் சிரித்ததில்லை, சிரிக்க நேரம் இருந்ததில்லை. கூடம் சிரித்து அடங்கியது. அப்புறம்தான் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. இருமினாள், கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள், பொத்தி என்ன ஆகப் போகிறது? விக்கி விக்கி, தோள் குலுங்க, எமிலின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போதும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் எமில். அவள் காதில் விழவில்லை. பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பிரெண்டன் தலையை நீட்டி, முகம் வெளுத்துப் போய்க் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மேடையில் ஹெய்டி மட்டும் அவசரப்படவே இல்லை, சிரித்து முடிக்கும்வரை நிதானமாகத் தேநீரை ஆற்றினாள்.

நாடகம் இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது நொடியில் முடிந்தது. ஹாவ்லிக் முதலிடம்.

தாழ்வாரத்தில் பிரெண்டன் நேரத்தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மேடம், அந்த ரெண்டு வரிய நான் சேத்திருந்தா இன்னிக்கு நாம அவ்வளவுதான்."

"என் சிரிப்பு எத்தன செகண்டு?" என்று கேட்டாள் லவோன்.

"பதினொண்ணு."

அவள் தாளை வாங்கி, டெல்மரின் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"பன்னிரண்டு இருந்துச்சு. ஒண்ணு அவருக்கு விட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்க்க மேடைப் பக்கம் போனாள்.